அடைப்பு வீட்டில் ஆயுள் கணக்குப் பரீட்சை

பேய், பிசாசு, ஆவி எதுவும் உலகத்தில் இல்லை. இதை நான் எந்தச் சபையிலும் தைரியமாகச் சொல்வேன். சொல்லி முடித்ததும் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஏனென்றால், செத்துப்போன பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்கு உதவவில்லை என்று நிரூபிக்க, அவருடைய இறப்புச் சான்றிதழை ஸ்கேன் பண்ணித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பியவள் நான். இந்தப் பெருமை வேறு யாருக்காவது இருக்குமா என்று தெரியவில்லை. (இருந்தா சொல்லுங்க, ரெண்டு பேருமா சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சிடலாம்.)

நான் படித்தது ஆக்சுவரி படிப்பு. மாரண்டஹள்ளியில் இதைச் சொல்லிப் புரியவைக்கிற அளவுக்கு எனக்கும் பொறுமை இல்லை, ஊருக்கும் இல்லை. தக்காளி மண்டியில் யாராவது கேட்டால் அப்பா, "பொண்ணு பெரிய கணக்குப் படிப்புங்க, முடியவே முடியாது" என்பார். உண்மைதான். பத்துக்கும் மேலே பேப்பர். ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். ஒன்றில் போனால் ஆறு மாசம் காத்திருந்து மறுபடி எழுத வேண்டும். இந்த வயசுக்காரர் இன்னும் ஒரு வருஷத்துக்குள் சாவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு அட்டவணை உண்டு. அதை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் வேலை.

இருபத்திநாலு வயசில் இந்த அட்டவணை கையில் கிடைத்தால் மனுஷிக்குத் திமிர் வராமல் என்ன செய்யும்? சாவு வீட்டுக்குப் போனால் நான் அழ மாட்டேன். வயசைக் கேட்பேன். "எழுபத்தெட்டா? எதிர்பார்த்ததுதான்" என்று ஒரு வீட்டில் வாய்விட்டே சொல்லி, அம்மா என் தொடையில் கிள்ளிய தழும்பு ஒரு வாரம் இருந்தது.

என் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்காரர் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். அப்பாவின் அண்ணன், மாதையன் பெரியப்பா. இன்சூரன்ஸ் ஏஜென்ட். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி, பையில் ரெண்டு பேனா (ஒண்ணு எழுதாட்டி ஒண்ணு). அவருடைய மொபெட் சத்தம் கேட்டால் பாலக்கோடு வரைக்கும் கதவு சாத்துவார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடுவார், திட்டினாலும் சிரிப்பார், தூங்கப் போகிறோம் என்றால் "தூங்குங்க, நான் உக்காந்திருக்கன்" என்பார். ஆனால் கையெழுத்து விழுந்த அடுத்த நொடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். காபி போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாலும் நிற்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் கையெழுத்து வாங்காமல் எழுந்து போன வீடு ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீடு. காரணம் நான்.

எனக்கு ஒரு பாலிசி போட வேண்டும் என்று ஒருநாள் வந்து உட்கார்ந்தார். நான் அவர் கொண்டுவந்த காகிதத்தின் பின்பக்கமே கணக்குப் போட்டு, இது எவ்வளவு மட்டமான பாலிசி என்று அப்பா அம்மா எதிரிலேயே வரிவரியாக விளக்கினேன். "இதைப் போய் ஊரெல்லாம் வித்துட்டு இருக்கீங்களே பெரியப்பா" என்று கடைசியில் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டேன். அவர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "கணக்கு நல்லாத்தான் போடற கண்ணு" என்றார். எழுந்து போய்விட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு கால் செருப்பில் நுழையாமல் தடுமாறினார். அதைப் பார்த்துக்கொண்டே நான் அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

ரெண்டு மாசம் கழித்து, இண்டூரில் யாரிடமோ கையெழுத்து வாங்கிவிட்டு வந்தவர், வீட்டு வாசலில் மொபெட்டை ஸ்டாண்ட் போட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அறுபத்தியொரு வயசு. அன்றைக்கு என் அட்டவணை ஞாபகத்துக்கே வரவில்லை. அழுதேன்.

அவர் போனது அவிட்ட நட்சத்திரத்தில். அந்த நாளில் உயிர் போனால் ஆறு மாசம் அடைப்பு. வீட்டைப் பூட்டிவிட வேண்டும், யாரும் உள்ளே புழங்கக் கூடாது, சாயங்காலம் வாசற்படியில் மட்டும் ஒரு விளக்கு வைக்க வேண்டும். பெரியம்மா ஓசூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. தினமும் அப்பா போய் விளக்கு வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவார்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். அந்த வருஷங்களில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுதலாம். கேமரா வழியாக எங்கேயோ இருக்கிற ஒரு கண்காணிப்பாளர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரே நிபந்தனை, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை எங்கள் அம்மாவுக்கு விளக்கத்தான் விளக்கினேன். அவரும் "கேமராவுல நான் தெரியக்கூடாது, அவ்ளோதான?" என்று புரிந்துகொண்டார். போன தடவை ஆயுள் கணக்குப் பேப்பர் எழுதிக்கொண்டிருக்கும்போது, அம்மா தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து, கையை மட்டும் உயர்த்தி, மேசையில் ஒரு தட்டு பஜ்ஜி வைத்தார். கண்காணிப்பாளருக்குத் தெரிந்தது ஒரு வெறும் கையும் பஜ்ஜியும். பேப்பர் ரத்து. இன்னொரு தரம் அறையில் ஆள் இருந்தால் ரெண்டு வருஷம் எழுத முடியாது என்று கடிதம் வந்தது.

பெங்களூரில் ஒரு கம்பெனி எனக்கு வேலை கொடுத்திருந்தது. இந்தப் பேப்பரைப் பாஸ் பண்ணினால்தான் சேரலாம், இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அதனால் எனக்குத் தேவைப்பட்டது, யாரும் உள்ளே வர முடியாத ஒரு அறை. தர்மபுரியில் லாட்ஜ் எடுக்கலாம் என்றால், "பொண்ணு தனியா லாட்ஜ்லயா?" என்று அப்பா மண்டியிலிருந்தே கத்தினார். யோசித்துக்கொண்டே ஆணியைப் பார்த்தேன். சாவி தொங்கியது.

அடைப்பு வீடு! அம்மா தவழ்ந்தும் வர மாட்டார். ஊரில் ஒரு பூனைகூட அந்தப் பக்கம் போகாது. பெரியப்பா தொழிலுக்காக வைத்திருந்த இன்டர்நெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் பயத்தை உபயோகித்துப் பரீட்சை எழுதப்போகும் என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். பாலக்கோட்டில் சினேகிதி வீட்டில் எழுதுகிறேன் என்று வீட்டில் புளுகிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டேன்.

வைகாசி மத்தியானம். வீதியில் ஈ காக்கா இல்லை. எதிர் வீட்டு டெய்லர் சலீம் பாய் கடையில் மட்டும் மிஷின் சத்தம். நான் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன்.

பூட்டிய வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. பழைய கற்பூரமும் புழுக்கமும் கலந்த வாசனை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சுவரில் பெரியப்பாவின் ரெக்சின் பை அவர் மாட்டிய இடத்திலேயே தொங்கியது. தேதி கிழிக்கிற காலண்டரில் அவர் செத்த நாள்தான் இருந்தது. நாலு மாசமாக அந்த வீட்டில் அதே வியாழக்கிழமை. மேசைமேல் அவர் கண்ணாடி, கதவைப் பார்த்தமாதிரி. நான் அதை எடுத்து டிராயரில் வைத்து மூடினேன். (பயமெல்லாம் இல்ல. இடம் வேணும் இல்லையா, அதுக்குத்தான்.)

சீலிங் ஃபேன் ஓடவில்லை. மேசை ஃபேனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்து, தலையை ஆட்டும்படி விட்டேன். எனக்குப் பின்னால் சுவரோரம் ராகி மூட்டைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தூசி படாமல் மேலே ஒரு வெள்ளைத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார் கண்காணிப்பாளர். காட்டினேன். "சரி, ஆரம்பிக்கலாம்" என்று திரையில் எழுத்து வந்தது. மணி ரெண்டு.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. நாலாவது கேள்வி, ஒரே பாலிசியில் ரெண்டு உயிர்கள். ஒருவருக்கு வயது அறுபத்தியொன்று, இன்னொருவருக்கு இருபத்திநான்கு. யார் முதலில் இறக்கிறாரோ என்று போனது. வயசுகளைப் பார்த்ததும் விரல் நின்றது. அப்போதுதான் பின்னால் "சர்ர்ர்" என்று ஒரு சத்தம். யாரோ காகிதத்தை நிதானமாகப் புரட்டுகிற மாதிரி. எலி என்று முடிவு பண்ணினேன்.

திரையின் மூலையில் ஒரு செய்தி. ஆங்கிலத்தில்தான் வந்தது. "உங்கள் பின்னால் இருப்பவரை வெளியே போகச் சொல்லுங்கள்."

எழுந்து திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ராகி மூட்டை, வெள்ளைத் தார்ப்பாய், சாத்தின ஜன்னல். உட்கார்ந்து, "அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை" என்று அடித்தேன்.

"சர்ர்ர்."

"அவர் மறுபடி எழுந்து நிற்கிறார்" என்று பதில் வந்தது.

மறுபடி எழுந்தேன். யாரும் இல்லை. உட்கார்ந்தேன். சர்ர்ர். "நீங்கள் எழுந்தால் அவர் உட்கார்ந்துவிடுகிறார். நீங்கள் உட்கார்ந்தால் அவர் எழுகிறார்." இதைப் படித்தபோது, அந்தப் புழுக்கத்திலும் முதுகில் குளிர்ந்தது. என் முகம் எனக்குத் தெரியாதபடி செய்திருந்தார்கள், திரையில் கேள்வித்தாள் மட்டும்தான். கண்காணிப்பாளர் பார்ப்பதை நான் பார்க்க வழியில்லை.

அடித்தேன். "எப்படி இருக்கிறார்?"

"வயதானவர். வெள்ளைச் சட்டை. கண்ணாடி போட்டிருக்கிறார்." ஒரு சின்ன இடைவெளி. "சிரித்துக்கொண்டிருக்கிறார்."

கண்ணாடியை நான் டிராயரில் வைத்து மூடியிருக்கிறேனே என்றுதான் முதலில் தோன்றியது. (புத்தி எங்க போவுது பாருங்க.)

"இனி நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. இரண்டு நிமிடத்தில் அவர் போகாவிட்டால் தேர்வு ரத்தாகும்."

பெங்களூர் வேலை, ரெண்டு வருஷம், அப்பா முகம், எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தது. ஓடலாம் என்றால் ஓடினால் பரீட்சை போச்சு. திரும்பலாம் என்றால் கழுத்து திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தேன்.

"பெரியப்பா..."

சர்ர்ர்.

"பெரியப்பா, தப்புதான். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. திமிருல பேசிட்டன். உங்க முகம் சுருங்கினதப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டன். மன்னிச்சிடுங்க." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்தப் பாலிசிய எடுத்துக்கறன் பெரியப்பா. சத்தியமா எடுத்துக்கறன். எங்க கையெழுத்து போடச் சொன்னாலும் போடறன். இப்ப மட்டும் கொஞ்சம் வெளிய போயிடுங்க. எனக்கு வேல போயிடும் பெரியப்பா!"

கடைசி வரியைக் கத்தியே சொல்லிவிட்டேன். பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் மட்டும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது.

திரையில் எழுத்து வந்தது. "நன்றி. அந்த நபர் வெளியேறிவிட்டார். தொடருங்கள்."

அவர் இருந்தார் என்று சொன்னபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. நான் சொன்னதும் போய்விட்டார் என்றதுதான் தாங்க முடியவில்லை. மீதிக் கேள்விகளை எந்தக் கை எழுதியது என்று இன்று வரை தெரியாது.

மணி ஐந்தே கால். லேப்டாப்பை வாரி எடுத்துக்கொண்டு, பின்கதவு என்கிற ஒன்று இருப்பதே மறந்து, உள்தாழ்ப்பாள் போட்டிருந்த முன்கதவைத் திறந்து வெளியே பாய்ந்தேன். வாசலில் வீதியே நின்றுகொண்டிருந்தது. கையில் வேப்பிலையோடு நாலு பெண்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்பா. தலைவிரிகோலமாக நான் வந்ததும் அம்மா "ஐயோ மாமா, வுட்டுடுங்க!" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம்தான் மகள் என்று அடையாளம் தெரிந்தது.

நடந்தது இதுதான். சலீம் பாய் மிஷினை நிறுத்திவிட்டுக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டிருக்கிறது. மண்டிக்கு போன் போட்டு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், "அண்ணே, சீக்கிரம் வாங்க. உங்க அண்ணன் உள்ள யாருக்கோ பாலிசி போட்டுட்டு இருக்காருங்க. அந்தப் பொண்ணு அழுவுது, பாவம்."

அன்று விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. எலுமிச்சம்பழம், உப்பு, மிளகாய் என்று சுற்றிப் போட்டதில் எங்கள் வாசல் சந்தை மாதிரி ஆனது. என் அட்டவணையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அறையில் இன்னொரு ஆள் இருந்தார் என்று மூணு வாரம் கழித்து விசாரணை. வீடியோவில் மூன்று பேர். அதில் ஒரு அம்மாள் எனக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். மங்கலான அறை, நடுவில் நான். என் இடது தோளுக்குப் பின்னால் மெதுவாக ஒரு தலை எழும்புகிறது. கண்ணாடி, வெள்ளைச் சட்டை, சிரிப்பு. ஒரு நொடி என்னைப் பார்க்கிறது. இறங்கிவிடுகிறது.

"இவர் யார்?"

"என் பெரியப்பா."

"பரீட்சையில் அவர் உங்களுக்கு என்ன உதவி செய்தார்?"

"ஒரு உதவியும் செய்யவில்லை மேடம். அவர் இறந்துவிட்டார்."

"எப்போது? தேர்வுக்கு முன்பா, பிறகா?"

"நாலு மாசம் முன்பு."

ஓரத்தில் இருந்த பெரியவர் "வயது?" என்றார். அறுபத்தியொன்று என்றேன். அட்டவணையில் பார்த்துச் சரி என்கிற மாதிரி தலையாட்டினார். (நானும் அப்படித்தான ஊரெல்லாம் ஆட்டிட்டு இருந்தன்.) ஆதாரம் அனுப்பினால் பரிசீலிப்போம், இல்லையென்றால் ரெண்டு வருஷத் தடைதான் என்றார் அந்த அம்மாள்.

அப்பாவிடம் ஓடினேன். இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தவர், "தலை எந்தப் பக்கத்துல எழும்புச்சு?" என்று கேட்டார். மூட்டைப் பக்கம் என்றேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு, "வா" என்றார்.

உள்ளே போய், ராகி மூட்டைமேல் இருந்த அந்த வெள்ளைத் தார்ப்பாயின் முனையைத் தூக்கினார். கீழ்ப்பக்கத்தில் பெரியப்பா சிரித்தார். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்! காரியம் முடிந்து இறக்கியதைத் தூக்கிப் போட மனசு வராமல் மூட்டைக்குப் போர்த்தியிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தாலே பெரியம்மா அழுகிறார் என்று படத்தை உள்பக்கமாகத் திருப்பியிருக்கிறார்கள்.

நான் பழைய இடத்தில் உட்கார்ந்து ஃபேனைப் போட்டேன். ஃபேன் என் தோள் பக்கம் திரும்பும்போதெல்லாம் காற்று போய் முனையைத் தூக்கியது, பெரியப்பா எழுந்தார். நான் எழுந்து நின்றால் காற்று என்மேல் பட்டு நின்றது, பெரியப்பா படுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களாப்பா! பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல! வெறும் காத்து!" என்று அந்த வீட்டில் குதித்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஒருதரம்கூடத் தவறாமல் எழுந்தார்.

சான்றிதழையும் ஃப்ளெக்ஸ் படத்தையும் அனுப்பினேன். "சம்பந்தப்பட்ட நபர் தேர்வு நாளுக்கு முன்பே காலமானார் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது. கீழேயே ரிசல்ட். பாஸ். அதோடு கண்காணிப்பாளரின் குறிப்பும் வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மூணு பத்திலிருந்து அடிக்கடி இரண்டாவது நபர் தென்பட்டார். மூணு இருபத்தியெட்டுக்குத் தேர்வர் அவரிடம் பேசினார். மூணு முப்பதுக்கு அவர் வெளியேறினார். அதன்பின் தேர்வு முடியும்வரை அவர் வரவில்லை.

படித்துவிட்டு நான் நிறுத்தினேன். ஃபேன் ஐந்தே கால் வரைக்கும் ஓடியது. நான் எழுந்திருக்கவும் இல்லை, எதையும் தொடவும் இல்லை.

"ஃபேன் கொஞ்சம் நகந்திருக்கும்" என்றேன்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "நகரலாம்மா, எதுக்கும் நகரலாம். ஆனா நீதான் கையெழுத்து போடறன்னு சொல்லிட்டியே. அதுக்கப்புறம் அண்ணன் எந்த வூட்லம்மா உக்காந்திருக்காரு?"

பாலிசி எடுத்தேன். பெரியப்பாவின் ரெக்சின் பையைத் திறந்தபோது, என் கணக்கு எழுதிய காகிதம் நாலாக மடித்தபடி இருந்தது. பிரித்தேன். முன்பக்கத்தில் என் பெயர், பிறந்த தேதி, எல்லாம் அவர் கையெழுத்தில் நிரப்பி, நான் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்.

இப்போது நான் பெங்களூரில் ஆக்சுவரி. அந்தப் பாலிசி மட்டமானதுதான், கணக்கில் இன்றும் மாற்றமில்லை. ஒரு வருஷமும் கட்டத் தவறியதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யாராவது மணிக்கணக்காக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால், அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் கிசுகிசுப்பார்: "எங்கியாவது ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடு நித்யா, போயிடுவாங்க."